செம்புச் சொம்பின் மேல்தோல்: எலக்ட்ரானா, பாசிட்ரானா?

போன வாரம் காட்பாடியில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கும் அக்கா மகள் பூஜைச் சொம்பைக் கொண்டுவந்து காட்டினாள். "புளி போட்டுத் தேய்ச்சு ரெண்டு நாள்தான் ஆச்சு மாமா, அதுக்குள்ள கறுத்துடுச்சு. மேல என்ன ஏறியிருக்குன்னு எதுல பார்க்கலாம்?" எலக்ட்ரானின் நேர்மின் இரட்டையான பாசிட்ரானை வைத்து மேற்பரப்பைப் பார்க்கும் முறையைப் பற்றி வகுப்பில் கேட்டதிலிருந்து அவளுக்கு அதன்மேல் ஒரு கண்.

எலக்ட்ரான் கற்றையால் அடித்துப் பார்ப்பது ஒரு முறை, பாசிட்ரானை விட்டுப் பார்ப்பது இன்னொன்று. இரண்டிலும் நாம் பிடிப்பது ஆகர் எலக்ட்ரானைத்தான். அணுவின் உள்கூட்டில் ஓர் இடம் காலியானால் மேலிருந்து ஓர் எலக்ட்ரான் இறங்கி அதை நிரப்பும். மிஞ்சும் ஆற்றலில் இன்னொரு எலக்ட்ரான் வெளியே தெறிக்கும், அதுதான் ஆகர் எலக்ட்ரான். அதன் ஆற்றலே தனிமத்தின் பெயரைச் சொல்லிவிடும்: கார்பனுக்குச் சுமார் 270 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவில் ஆற்றலை அளக்கும் அலகு), செம்பின் ஆகர் எலக்ட்ரான்களில் ஒரு வகைக்குச் சுமார் 60.

வேறுபடுவது, அந்தக் காலியிடத்தை உண்டாக்கும் விதம். எலக்ட்ரான் முறையில் சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் கற்றையால் அடிக்கிறோம். அடி உள்ளே வரை இறங்கும். கூடவே வேண்டாத எலக்ட்ரான்களும் கூட்டமாகக் கிளம்பும். செம்பின் 60 அந்தக் கூட்டத்தில் சின்ன மேடாகத்தான் தெரியும். கிடைக்கும் தகவலும் மேலிருந்து பல அணு அடுக்குகளின் கலவை.

பாசிட்ரானை இருபதுக்கும் குறைவான எலக்ட்ரான் வோல்ட்டில் மெதுவாக விட்டாலே போதும். இடித்துத் தள்ளும் வேலையே இல்லை. உள்ளே போய் வேகம் இழந்து, அதில் ஒரு பகுதி மேற்பரப்புக்குத் திரும்பி, கடைசி அணுக்களுக்குச் சற்று வெளியே உள்ள ஆற்றல் பள்ளத்தில் சிக்கும். அங்கே சிலது உள்கூட்டு எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது காலியிடம் பிறக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் பெட் ஸ்கேன் எடுப்பவர் உடம்பில் நடப்பதும் இதே அழிவுதான். அங்கே காமாக் கதிரைப் பிடிக்கிறார்கள், இங்கே எலக்ட்ரானை. பாசிட்ரான் மேற்பரப்பிலேயே சிக்கி அழிவதால் சிக்னல் ஏறக்குறைய முழுக்க முதல் அடுக்கிலிருந்தே வரும். கற்றையின் ஆற்றல் ஆகர் ஆற்றலைவிடக் குறைவு என்பதால் அந்த வேண்டாத கூட்டமும் பெரும்பாலும் ஒழிகிறது. 1988இல் அமெரிக்காவில் இதைச் செய்து காட்டினார்கள். 2010இல் மியூனிக் குழு, பல்லேடியம்மேல் படிந்த செம்பு அணுக்கள் மணிக்கணக்கில் மெல்ல இரண்டாம் அடுக்குக்கு இறங்குவதை நேரம் வைத்தே பார்த்தது. ஓர் அடுக்கு இறங்கினாலே தெரிகிறது என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிலிர்க்கும்.

சரி, செலவு? பாசிட்ரானைத் தர சோடியம்-22 கதிர்மூலம் வேண்டும், அதன் அரை ஆயுளோ 2.6 வருடம். அதிலிருந்து மெதுவான பாசிட்ரானாகத் தேறுவது மிகக் கொஞ்சம்தான். ஆய்வக அளவில் ஒரு நிறமாலைக்கு (எந்த ஆற்றலில் எத்தனை எலக்ட்ரான் என்ற வரைபடத்துக்கு) மணிக்கணக்கு ஆகும், நாள்கணக்கும் ஆகலாம். எலக்ட்ரான் துப்பாக்கிக்கோ நிமிடங்கள் போதும். கற்றையைப் புள்ளியாகக் குவித்து, எந்த இடத்தில் எந்தத் தனிமம் என்ற படமும் எடுக்கலாம். உயர் வெற்றிடம் இரண்டுக்கும் பொது.

சொம்பின் கறுப்பு பல அடுக்குத் தடிமன். அதற்கு எலக்ட்ரான் முறைதான் சரி. ஆர்கான் அயனிகளால் அடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி ஆழத்தையும் பார்த்துவிடலாம். வெற்றிடத்துக்குள் சுத்தமாக்கிய செம்பின்மேல் முதல் அணு அடுக்கு ஒட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால் மட்டும் பாசிட்ரான்.

சொம்பை வெட்ட அக்கா விடமாட்டாள். லாங்கு பஜாரில் ஒரு செம்புத் தகடு வாங்கி, ரெண்டாக வெட்டி, ஒன்றை மட்டும் புளியில் தேய்த்து வை என்று சொல்லிவிட்டு வந்தேன்.