கும்பகோணத்துல பத்து சிட்டிங் ரெய்கி எடுத்தேன், காசுக்கு வொர்த்தா?

சென்டர் பேரு போட மாட்டேன், ஏன்னு கீழ படிச்சா தெரியும். கும்பகோணம் டவுனுக்குள்ளயே இருக்கு, அவ்ளோதான். ரெய்கின்னா உடம்பு மேல சும்மா கைய வச்சு சக்தி ஏத்தி குணமாக்குறோம்னு சொல்ற ஜப்பான் முறை.

நான் திருவிடைமருதூர் பக்கம் வீட்லயே டெய்லரிங் பண்றேன், பிளவுஸ் தான் மெயின். போன வருஷம் பொங்கல் சீசன்ல வலது தோள் பிடிச்சுக்கிச்சு, குனிஞ்சு குனிஞ்சு துணி வெட்டுன வலின்னு நெனச்சு தைலம் தேச்சேன், சுளுக்கு வழிக்கிற பாட்டிகிட்ட போய் வழிச்சேன், அது இன்னும் மோசமாயிடுச்சு. ஒரு கட்டத்துல கை பின்னாடியே போகல. ஊருக்கே ஹூக் தைச்சு கொடுக்குறவ என் ஹூக்க மாட்ட மகளைக் கூப்பிடணும், எப்படி இருக்கும் பாருங்க.

எலும்பு டாக்டர் பாத்துட்டு ஃப்ரோசன் ஷோல்டர்னாரு. மூட்டைச் சுத்தி ஒரு உறை இருக்காம், அது தடிச்சு சுருங்கிடுமாம், சுகர் உள்ளவங்களுக்கு மத்தவங்களை விட அதிகமா வருமாம். எனக்கு சுகர் ஆறு வருஷமா இருக்கு. மொதல்ல வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தானா விடும், ஒன்றரை ரெண்டு வருஷம் கூட ஆகலாம், எக்சர்சைஸ மட்டும் விட்றாதீங்கன்னாரு. இந்த "தானா விடும்"ங்கிறத ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேலை இருக்கு.

ரெண்டு வருஷமான்னு நான் அழுதுகிட்டு இருந்தப்ப தான் என் நாத்தனார் வந்து, அண்ணி நீங்க ரெய்கிக்கு ஒரே ஒரு தடவ வாங்க, எனக்கு தலைவலி எப்படிப் போச்சுன்னு பாத்தீங்கல்லன்னு இழுத்துட்டுப் போனா. ஒரு சிட்டிங் ஐநூறு, பத்தா கட்டுனா நாலாயிரம். நாத்தனார் முன்னாடி பேரம் பேச வெக்கப்பட்டு நாலாயிரமும் கட்டிட்டேன்.

ரூம் நல்லா இருந்துச்சு, பொய் சொல்லக்கூடாது. ஏசி, வெள்ளை பெட்ஷீட், லேசா ஊதுபத்தி வாசனை, புளூடூத் ஸ்பீக்கர்ல புல்லாங்குழல். செவுத்துல ஒரு ஜப்பான்காரர் படம், அவர் தான் உசுய், இத ஆரம்பிச்சவர். 1922ல கியோட்டோ பக்கத்துல குராமான்னு ஒரு மலையில 21 நாள் விரதம் இருந்தப்ப இந்த சக்தி கிடைச்சுதுன்னு அங்க சிட்டிங் குடுக்குற மேடம் கதை சொன்னாங்க. ரெய்கியில வர்ற 'கி' தான் நம்ம ஊர்ல சொல்ற பிராணன்னாங்க. அது உடம்புல ஓடுறப்ப எங்கயாவது அடைச்சுக்கிட்டா நோய், இவங்க கை வழியா அடைப்ப எடுத்து விடுவாங்களாம். வாய்க்கால்ல ஆகாயத்தாமரை அடைச்சா தண்ணி வயலுக்கு வராதுல்ல, அது மாதிரின்னு சொன்னாங்க, நம்ம ஊர்க்காரங்களுக்கு இதுக்கு மேல என்ன விளக்கம் வேணும், டக்குனு புரிஞ்சுடுச்சு. புரிஞ்சதாலயே அது உண்மையாயிடாதுன்னு அப்ப தோணல.

படுக்க வச்சு கண்ண மூடச் சொல்லி, மொதல்ல தலை, அப்புறம் கண்ணு, கழுத்து, நெஞ்சுக்கு மேல தொடாம, வயிறு, முட்டி, கடைசியா பாதம், ஒவ்வொரு எடத்துலயும் மூணு நாலு நிமிஷம் சும்மா கைய வச்சுருந்தாங்க. அமுக்கல, தேய்க்கல. கை கதகதன்னு இருந்துச்சு. பத்தாவது நிமிஷம் தூங்கிட்டேன், குறட்டை வேற விட்டேன்னு நாத்தனார் வீடு வரைக்கும் சொல்லிச் சிரிச்சா. நடுவுல கரண்ட் போய் ஸ்பீக்கர் நின்னப்பவும் மேடம் கைய எடுக்கல, அது பிடிச்சுது எனக்கு. என் தலையில ஒருத்தர் கை வச்சு எத்தனை வருஷமாச்சு, அம்மா இருந்த வரைக்கும் வெள்ளிக்கிழமை எண்ணெய் வைக்கும், அதோட சரி. அன்னிக்கு ராத்திரி தோள் வலியில முழிக்காம நாலு மணி நேரம் தூங்குனேன், மாசக்கணக்குல அது நடக்கல.

ஆறாவது சிட்டிங்ல வேற ஒண்ணு பண்ணாங்க, பிராணிக் ஹீலிங்னு. இது ஜப்பான் இல்ல, பிலிப்பைன்ஸ்லேருந்து வந்தது, சோவா கோக் சுய்ங்கிற கெமிக்கல் இன்ஜினியர் உருவாக்குனது, 1980கள்ல தான் வெளிய பரவுச்சு. இதுல தொடவே மாட்டாங்க, காத்துல கையால வழிச்சு வழிச்சு கெட்டதை பக்கத்துல இருக்குற உப்புத்தண்ணி கிண்ணத்துல உதறுவாங்க. எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. எங்க அப்பாயி உப்பு மிளகா சுத்தி அடுப்புல போடும், வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போனா உப்பும் மிளகும் கொட்டிட்டு வருவோம், நாகூர்ல ஓதி ஊதுவாங்க, சின்ன வயசுல பயந்துட்டா வேப்பிலை அடிச்சு துன்னூறு போடுவாங்க. உப்பு எங்க போனாலும் விடாது போல. அப்பாயி மட்டும் பேக்கேஜ் போடல, வெத்தலை பாக்கு கூட வாங்காது.

இது வரைக்கும் எனக்கு ஒரு குறையும் இல்ல. குறை வந்தது வாயால. ஏழாவது சிட்டிங் முடிஞ்சு, உங்க கணையத்துல பிளாக் எடுத்துட்டேன்மா, ராத்திரி சுகர் மாத்திரைய மெதுவா விட்டுப் பாருங்க, உடம்பே பாத்துக்கும்னாங்க. வாசல்லயே போர்டு, சுகர் தைராய்டு கேன்சர் எல்லாம் குணமாகும்னு. நானும் மடச்சி மாதிரி மூணு வாரம் ராத்திரி மாத்திரைய விட்டேன், வீட்ல சொல்லவும் இல்ல. வெறும் வயித்துல 140 ஒட்டி இருந்தது டெஸ்ட் எடுத்தப்ப 236. சுகர் டாக்டர் திட்டுன திட்டு இருக்கே, வெயிட்டிங் ஹால்ல உக்காந்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. தோள் இறுகுறதுக்கே சுகர் ஒரு காரணம், அதையே ஏத்திக்கிட்டு தோளுக்கு வைத்தியம் பாக்குறீங்களான்னு கேட்டாரு, பதில் இல்ல எங்கிட்ட.

எங்க அக்கா பொண்ணு தஞ்சாவூர்ல நர்சிங் படிக்கிறா. அவகிட்ட சொன்னப்ப தான் பல விஷயம் தெரிஞ்சுது. சுகர், கேன்சர் இதெல்லாம் குணமாக்குறேன்னு விளம்பரம் பண்றதே 1954லேருந்து சட்டப்படி தப்பு சித்தின்னா. ஆயுஷ்னு மத்திய அரசோட பாரம்பரிய மருத்துவத் துறை இருக்குல்ல, அதுல சித்தா ஆயுர்வேதம் யுனானி ஹோமியோபதி யோகா எல்லாம் இருக்கு, ரெய்கி கெடையாது, அதனால செவுத்துல ஃபிரேம் போட்ட சர்டிபிகேட் டாக்டர் பட்டம் இல்ல. பதட்டத்துக்கும் மனச்சோர்வுக்கும் ரெய்கி உதவுதான்னு 2015ல ஆராய்ச்சிகளை எல்லாம் சேத்து அலசுனப்ப மூணு ஆராய்ச்சி, மொத்தம் 124 பேரு தான் தேறுச்சாம், உதவுது உதவலைன்னு ரெண்டுமே சொல்ல முடியலையாம். அப்ப மனசுக்கே இந்த நிலைமைன்னா கணையத்துக்கு?

அவ சொன்னதுலயே எனக்கு பிடிச்சது அமெரிக்காவுல எமிலி ரோசான்னு ஒரு பொண்ணு கதை. ஒம்போது வயசுல ஸ்கூல் சயின்ஸ் ப்ராஜெக்ட்டா பண்ணது. இதே மாதிரி தொடாம எனர்ஜி பாக்குறவங்க 21 பேர அட்டைத் தடுப்புக்குப் பின்னாடி ரெண்டு கையையும் நீட்டச் சொல்லி, இவ தன் கைய எந்தக் கைக்கு மேல வச்சுருக்கான்னு கேட்டா, அவ்ளோதான். 280 தடவைல 44 சதவீதம் தான் சரி. காசு சுண்டிப் போட்டாலே பாதி வரும். 1998ல பெரிய மருத்துவப் பத்திரிகையிலயே வந்துடுச்சு.

நானும் என் மகளும் சமையக்கட்டுல உக்காந்து இத பண்ணிப் பாத்தோம். ஏன்னா மேடம் எனக்கு ரெண்டு உள்ளங்கைக்கு நடுவுல காந்தம் மாதிரி ஒரு உருண்டைய உணரச் சொல்லிக் கொடுத்திருந்தாங்க, சத்தியமா உணர்ந்தேன் நானும். கண்ணைக் கட்டிக்கிட்டேன், இருபது தடவை, ஒம்போது சரி. மக விழுந்து விழுந்து சிரிச்சா. இத அடுத்த சிட்டிங்ல மேடம்கிட்ட மெதுவா சொல்லிப் பாத்தேன், சந்தேகத்தோட வந்தா எனர்ஜி இறங்காதும்மான்னு சிரிச்சுட்டாங்க. மாத்திரை விஷயத்தையும் சொன்னேன், அதுக்கு மட்டும் சிரிப்பு இல்ல, அது ஹீலிங் கிரைசிஸ், சரியாகுறதுக்கு முன்னாடி ஏறித் தான் இறங்கும்னாங்க. 236அ வச்சுக்கிட்டு என்னத்த இறங்குறது.

மிச்ச சிட்டிங் போனேனான்னா போனேன், காசு கட்டியாச்சுல்ல, அதுவுமில்லாம அந்த ஒரு மணி நேரம் எனக்கு தேவையா இருந்துச்சு. ஃபோன் இல்ல, கஸ்டமர் இல்ல, சாம்பாருக்கு உப்பு பாக்க வேண்டியதில்ல. ஸ்டார் போடச் சொன்னா அவங்க கைக்கு நாலு, வாய்க்கு ஒண்ணு கூட கஷ்டம். வாட்ஸப்ல போட்டோ அனுப்புனா தூரத்துலேருந்தே ஹீலிங் முந்நூறு ரூபாயாம், அதுக்கு பூஜ்யம், அந்தக் காசுக்கு ரெண்டு கிலோ நல்லெண்ணெயாவது வருமான்னு பாத்தா அதுவும் வராது, சரி விடுங்க.

இப்ப தோள் எண்பது சதவீதம் பரவால்ல, ஹூக் நானே போட்டுக்குறேன். கூகுள்ல ரிவ்யூ போடுங்கம்மா, ரெய்கியில குணமாச்சுன்னுன்னு மேடம் மெசேஜ் மேல மெசேஜ். ஆரம்பிச்சு பதினாறு மாசமாச்சு, தெனம் காலைல செவுத்துல விரல ஏத்தி ஏத்தி, கதவு மேல கயிறு போட்டு இழுத்து இழுத்து, மாத்திரையும் ஒழுங்கா, டாக்டர் சொன்ன அதே கணக்குல தான் விட்டுருக்கு. நாத்தனார் ஒத்துக்க மாட்டேங்குறா, ரெய்கி தான் அண்ணிங்கிறா, சண்டை போடல நான்.

போறவங்க செவ்வாய் புதன்ல போங்க, சனிக்கிழமை முகூர்த்த ஜவுளி கூட்டத்துல வண்டி நிறுத்த எடமே கெடைக்காது. மாத்திரை டப்பாவ பத்தி பேச்சு வந்தா காதுல வாங்காதீங்க. அப்புறம் முட்டி வலி உள்ளவங்க கொஞ்சம் யோசிச்சுக்கோங்க, போர்டுல முட்டி வலிக்கும் ஹீலிங்னு இருக்கு, ஆனா ரெண்டாவது மாடி, லிஃப்ட் கெடையாது.