கடலோர வீடு கட்டுபவர்கள் கவனத்துக்கு: கம்பிக்கு மேல் கவர் எத்தனை மில்லிமீட்டர்?

கோவளத்துக்குத் தெற்கே, அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் கட்டிய விடுமுறை வீடு. கடல் பார்த்த நீள வராண்டா, பூசாமல் விட்ட கான்கிரீட் சுவர், மெல்லிசான சன்ஷேட், மாடியில் பெர்கோலா. சாவி கொடுத்து மூன்று மழைக்காலம்தான் ஆகிறது. சன்ஷேட்டின் அடிப்பக்கம் கம்பி ஓடும் வரிசையிலேயே நேர்கோடாக வெடித்து, பழுப்புத் தண்ணீர் வடிந்து, ஒரு பாளம் ஊஞ்சலுக்குப் பக்கத்தில் விழுந்துவிட்டது. கட்டிக்கொடுத்தவர் சொல்லும் பதில்: "உப்புக் காத்து சார், கடலோரத்துல எல்லா வீடும் இப்படித்தான்." இதை நம்பாதீர்கள். உப்புக் காற்று அடிக்கும் என்று தெரிந்துதான் அவர் கூலி பேசினார்.

விழுந்த பாளத்தில் டேப்பை வைத்தால், கம்பிக்கு வெளியே அதை மூடி இருந்த கான்கிரீட், அதாவது கவர், 15 மி.மீ. சில இடங்களில் 12. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456:2000, கடலோரச் சூழலுக்கு 45 மி.மீ., உப்புச் சாரல் நேரே படும் இடத்துக்கு 50 மி.மீ. கவர் கேட்கிறது, கான்கிரீட்டின் வலிமைத் தரம் முறையே குறைந்தது எம்30, எம்35 (எண் கூடினால் வலிமை கூடும்). கவர் சொன்ன அளவைவிட 10 மி.மீ. வரை கூடலாம், குறையவே கூடாது. இங்கே போட்டதோ ஊருக்குள் போடும் எம்20. கவரைப் பாதியாகக் குறைத்தால் உப்பு கம்பியைத் தொட ஆகும் காலம் பாதியாக அல்ல, ஏறக்குறைய கால்பங்காகக் குறைந்துவிடும். துரு இரும்பைவிடப் பலமடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் உள்ளிருந்து நெம்பித் தள்ளுகிறது.

கம்பியைப் பலகையிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆள் ஏறி நடந்ததும் அது நழுவி, கம்பி சென்டரிங் பலகையில் உட்கார்ந்துவிடும். சன்ஷேட்டில் இது இரட்டைக் கெடுதல்: அது சுவரிலிருந்து நீட்டி நிற்பதால், முதன்மைக் கம்பி மேலே இருக்க வேண்டும். மிதித்துக் கீழே இறக்கினால் சுவர் ஓரத்தில் மேல்பக்கம் விரிசல் விட்டு, மழையும் உப்பும் அந்த வழியாகவே இறங்கும்.

அடுத்தது தண்ணீர். கலவைக்கும் நீராற்றவும் மனையிலிருந்த போர் தண்ணீரையே விட்டிருக்கிறார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு (கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும் உப்புக் கூறு) லிட்டருக்கு 500 மி.கி.யைத் தாண்டக் கூடாது. வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீரை யோசிக்காமல் ஒதுக்குங்கள். கரிக்காவிட்டாலும் பரிசோதனைச் சாலைக்கு ஒரு பாட்டில் அனுப்பி, அறிக்கை வந்த பிறகே வேலையைத் தொடங்குங்கள்.

வராண்டா கைப்பிடியிலும் ஏமாற்று. பில்லில் உப்பைக் கூடுதலாகத் தாங்கும் 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், வந்தது அதைவிடக் குறைவாகத் தாங்கும் 304. தேநீர் சிந்திய மாதிரி கறை படிந்துவிட்டது. காந்தம் வைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. 316-இல் இருக்கும் மாலிப்டினத்தைக் காட்டும் சொட்டுச் சோதனைதான் சொல்லும்.

இப்போது அவர் "இலவசமாக" செய்து தருகிறேன் என்பது வெறும் சிமென்ட் பூச்சு. தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். புதுப் பூச்சுக்குள் கம்பி பாதுகாப்பாக இருக்கும்; அதை ஒட்டிய பழைய கான்கிரீட்டில் உப்பு அப்படியே இருப்பதால், துரு பூச்சின் விளிம்பைச் சுற்றி முன்னைவிட வேகமாகப் பிடிக்கும். அடுத்த மழைக்குள் பக்கத்திலேயே வெடிக்கும். சரியான வேலை வேறு: முட்டுக் கொடுத்து, கம்பிக்குப் பின்பக்கமும் விரல் நுழையும் அளவு கொத்தி, உப்பேறிய கான்கிரீட்டை முழுக்க எடுத்து, துருவைச் சுரண்டி, இளைத்த கம்பிக்குப் புதுக்கம்பி சேர்த்து, பாலிமர் கலந்த ரிப்பேர் கலவையால் முழுக் கவரையும் மீட்க வேண்டும். செலவு பல மடங்கு. அதனால்தான் பூச்சோடு முடிக்கப் பார்க்கிறார்.

ஒப்பந்தத்தில் "தரமான கான்கிரீட்" என்று மட்டும் எழுதியிருந்தது அவருக்கு வசதியாகிவிட்டது. உங்கள் ஒப்பந்தத்தில் கவர் அளவு, கான்கிரீட் தரம், தண்ணீர் அறிக்கை, ஸ்டீல் வகை நான்கையும் எண்ணோடு எழுதுங்கள். கான்கிரீட் போடும் அன்று காலையில் பலகைக்கும் கம்பிக்கும் இடையே டேப் வைத்துப் படமெடுத்து, அது வந்த பிறகே அந்தத் தளத்துக்கான தவணையைக் கொடுங்கள். கட்டி முடித்த வீட்டை வாங்குபவர்கள், பத்திரம் பதியும் முன் கவர் மீட்டர் (உடைக்காமலே கவரை அளக்கும் கருவி) வைத்திருக்கும் பொறியாளரை அழைத்து, கடல் பார்த்த பக்கத்தை முதலில் அளக்கச் சொல்லுங்கள்.