ரசீதில் இன்கோனெல், எஞ்சினில் வேறொன்று: வால்வு மாற்றப் போகிறவர்கள் கவனத்துக்கு

டர்போ பொருத்திய காருக்கு வால்வு மாற்றும் எண்ணம் இருந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். சிலிண்டர் ஹெட் வேலைக்குப் பேர்போன ஒரு பட்டறை எனக்கு இழைத்த மோசடி இது. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

என் கார் பந்தயத்துக்கானதல்ல. அன்றாடம் சாலையில் ஓடுவது. பூஸ்ட்டை (டர்போ திணிக்கும் காற்றழுத்தத்தை) உயர்த்தியிருந்ததால், அந்தச் சூட்டைத் தாங்கும் எக்ஸாஸ்ட் வால்வு (எரிந்த புகையை வெளியேற்றும் வால்வு) வேண்டும் என்று மட்டுமே கேட்டேன். எக்ஸாஸ்ட்டுக்கு முழுவதும் ஒரே துண்டாலான இன்கோனெல் (கடும் சூட்டைத் தாங்கும் நிக்கல் கலவை), காற்றை உள்ளே விடும் இன்டேக்குக்கு டைட்டானியம் என்று அவர்களே முடிவு செய்தார்கள். "இதைப் போட்டுவிட்டால் ஆயுளுக்கும் ஹெட்டைத் திறக்க வேண்டாம், சார்" என்றார் உரிமையாளர். ரசீதிலும் அப்படியே எழுதித் தந்தார். அந்த ரசீதுதான் இன்று என் கையில் இருக்கும் முதல் ஆயுதம்.

சில மாதங்களில் ஐட்லிங்கில் நடுக்கம் வந்தது. ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இறங்கியிருந்தது. எங்கே கசிகிறது என்று பார்க்கும் லீக்-டவுன் சோதனைக்குக் காற்றை ஏற்றியதும் சைலன்சர் குழாயில் 'உஸ்' என்று சீறியது; எக்ஸாஸ்ட் வால்வு சரியாக மூடவில்லை என்று பொருள். ஹெட்டை இறக்கியது வேறொரு மெக்கானிக். எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில் ஒரு துண்டு தீய்ந்து காணாமல் போயிருந்தது. பக்கத்து சிலிண்டரின் வால்வுத் தலையும் நடுவில் குழிந்து உள்வாங்கத் தொடங்கியிருந்தது.

மெக்கானிக் ஒரு காந்தத்தை எடுத்தார். தண்டில் பட்டென்று ஒட்டியது. தலையில் ஒட்டவே இல்லை. தலைக்கு ஓர் உலோகம், தண்டுக்கு ஓர் உலோகம் என்று உராய்வு முறையில் பற்றவைத்த இரட்டைத் துண்டு வால்வு அது. 'ஒரே துண்டு' என்ற பேச்சு அங்கேயே பொய்த்தது. ஆனால் காந்தத்தை வைத்து இன்கோனெல் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இன்கோனெலும் ஒட்டாது, 21-4 என் எனப்படும் சாதாரண எக்ஸாஸ்ட் வால்வு எஃகும் ஒட்டாது. நல்ல இன்கோனெல் வால்வுகளிலேயே எஃகுத் தண்டு பற்றவைத்தவை உண்டு.

எனவே உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று எக்ஸ் கதிரால் காட்டும் எக்ஸ்.ஆர்.எஃப். கருவி வைத்திருக்கும் ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். வால்வு மூடும்போது சீட்டில் (ஹெட்டில் உள்ள வளையத்தில்) உட்காரும் முகத்தில் வைத்தபோது கோபால்ட் என்று காட்டியது. அது தேய்மானத்தைத் தாங்க மேலே பூசிய ஸ்டெல்லைட் என்ற கோபால்ட் கலவை. கரியைச் சுரண்டித் தலையின் பின்புறத்தில் வைத்தபோதுதான் குட்டு உடைந்தது: குரோமியம் சுமார் 21 சதவீதம், மாங்கனீஸ் 9, நிக்கல் வெறும் 4. வால்வுக்குப் பயன்படும் இன்கோனெல் 751 என்றால் நிக்கல் மட்டுமே 70 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும்.

21-4 என் மட்டமான பொருளல்ல. எத்தனையோ எஞ்சின்களில் காலம் காலமாக உழைக்கிறது. அதையே போடுகிறோம் என்று நேர்மையாகச் சொல்லி, அதற்கேற்ற பணத்தை வாங்கியிருந்தால் எனக்கு மனத்தாங்கல் இல்லை. இவர்களோ இன்கோனெலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு, சீட்டையும் பந்தய எஞ்சின்போல ஒல்லியாக வெட்டியிருந்தார்கள். எக்ஸாஸ்ட் வால்வின் சூட்டில் பெரும்பகுதி சீட் வழியாகத்தான் ஹெட்டுக்கு இறங்கும். அந்த வழியைக் குறுக்கினால் சூடு எங்கே போகும்?

டைட்டானியம் மட்டும் உண்மையானது. ஆனால் பொருத்திய விதம் அநியாயம். எஃகைவிட ஏறத்தாழ நாற்பது சதவீதம் எடை குறைவு என்பதுதான் அதன் முக்கிய லாபம். அதனால்தான் இலகுவான ஸ்பிரிங் போட முடியும், ஆர்.பி.எம்.மை உயர்த்த முடியும். இவர்கள் பழைய கடின ஸ்பிரிங்கையே விட்டுவிட்டார்கள். டைட்டானியம் பிற உலோகத்தோடு உரசினால் பிய்ந்து ஒட்டிக்கொள்ளும் குணமுடையது. தண்டுக்குக் கடினப் பூச்சு, வெண்கலக் கைடு (தண்டு ஏறி இறங்கும் குழல்), நுனிக்குக் கடின எஃகுத் தொப்பி எல்லாம் வேண்டும். என் ஹெட்டில் இருந்தவை வார்ப்பிரும்புக் கைடுகள், தொப்பியே இல்லை. நுனிகள் நசுங்கிப் பிதுங்கியிருந்தன. நெரிசலில் ஊர்ந்து போகும் காருக்கு டைட்டானியம் எதற்கு என்று அந்த மெக்கானிக் கேட்டார். நியாயமான கேள்வி.

பட்டறைக்குப் போனால், "நீங்கள் ஓட்டிய விதம் அப்படி, எரிபொருள் குறைந்து கலவை லீனாக ஓடியிருக்கும்" என்றார்கள். கலவைப் பதிவை எடுத்து நீட்டினேன், பார்க்கக்கூட இல்லை. லீனாக ஓடினால் வால்வு வேகும் என்பது உண்மைதான். அதற்காக 4 சதவீத நிக்கல் 70 ஆகிவிடாது.

நீங்கள் வாங்கும்போது 'ஸ்டெயின்லெஸ்', 'ரேசிங்' என்ற சொற்களை ஏற்காதீர்கள். அவை எந்த உலோகம் என்று சொல்வதில்லை. உலோகக் கலவையின் பெயரையும் தயாரிப்பாளரின் பாக எண்ணையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். பொருள் சான்றிதழ் கேளுங்கள். பொருத்துவதற்கு முன்பே ஒரு வால்வை ஆய்வகத்தில் காட்டிவிடுவது இன்னும் நல்லது. சூட்டைக் கடத்தத் தண்டுக்குள் சோடியம் நிரப்பியது என்று சொல்லி விற்றால், உள்ளே பார்க்கலாமே என்று அறுத்துவிடாதீர்கள். சோடியம் தண்ணீர் பட்டால் வெடிக்கும்.

இப்போது எக்ஸாஸ்ட்டுக்குச் சான்றிதழோடு வந்த இன்கோனெல், இன்டேக்குக்கு எஃகு என்று ஓடுகிறது கார். பழைய வால்வுகளை ஒப்படைத்தால் பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று அந்தப் பட்டறையிலிருந்து செய்தி வந்தது. கொடுக்கவில்லை. ஆய்வக அறிக்கையின் நகலை மட்டும் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.