பெருநாள் விருந்துக்குத் தொடைக்கறியா, தோள்கறியா?

ஹஜ்ஜுப் பெருநாளன்று வீட்டுக்குப் பன்னிரண்டு பேர் வருகிறார்கள் என்றால், மாட்டிறைச்சியைப் பெரிய துண்டாக ஓவனில் மெதுவாக வாட்டிப் பரிமாறலாம் என்ற ஆசை பலருக்கு வரும். மசாலாவைப் பற்றிப் பிறகு பேசலாம். எந்தப் பகுதிக் கறியை வாங்குகிறோம் என்பதில்தான் பாதிச் சமையல் முடிந்துவிடுகிறது.

தொடைக்கறி பார்வைக்கு அழகானது. கொழுப்பு குறைவு, மெல்லிய வில்லைகளாக நறுக்கலாம். 120 டிகிரி செல்சியஸில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வாட்டி, நடுப்பகுதி 60 டிகிரியைத் தொட்டதும் வெளியே எடுத்து மூடி வைத்தால், உள்வெப்பத்தால் இன்னும் சற்று ஏறும். 63 டிகிரியை எட்டி, மூன்று நிமிடமாவது ஆறியிருந்தால் முழுத்துண்டு இறைச்சி பாதுகாப்பானது என்பது அமெரிக்க வேளாண்மைத் துறையின் அளவுகோல். ஆனால் அந்த நிலையில் நடுவில் இளஞ்சிவப்பு தெரியும். வடியும் செந்நீர் இரத்தமன்று, தசையிலுள்ள மயோகுளோபின் என்ற புரதத்தின் நிறம். பெரியம்மாவின் தட்டில் வைத்துவிட்டு இதை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. நன்றாக வெந்ததைத்தான் அவர் கேட்பார், கேட்பதில் நியாயமும் இருக்கிறது. அவருக்காக 75 டிகிரிக்குக் கொண்டுபோனாலோ தசைநார் சுருங்கி நீரைப் பிழிந்துவிடும். ஈடுகட்டக் கொழுப்பு இல்லாததால் கறி வறண்டுபோகும்.

தோள்கறியின் குணமே வேறு. உழைத்த தசை என்பதால் இணைப்புத் திசு அதிகம். சீக்கிரம் வேகவைத்தால் மெல்லவே முடியாது. பொறுமையாக 90 டிகிரிக்கு மேல் கொண்டுபோனால் அந்தத் திசுவிலுள்ள கொலாஜன் ஜெலட்டினாகக் கரைந்து, கரண்டி பட்டாலே இழை இழையாகப் பிரியும். நன்றாக வெந்தும் ஈரப்பதம் குறையாத கறி வேண்டுமென்றால் இதுதான் வழி.

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் பலரிடம் இருப்பது மேசைமேல் வைக்கும் சின்ன ஓவன். அதன் திருகு காட்டும் வெப்பம் ஒன்று, உள்ளே இருக்கும் வெப்பம் ஒன்று. தொடைக்கறிக்குப் பத்து டிகிரி பிசகினாலும் காரியம் கெடும், வெப்பமானி இல்லாமல் தொடவே கூடாது. தோள்கறி அரை மணி நேரம் கூடுதலாகக் கிடந்தாலும் பொறுத்துக்கொள்ளும்.

செய்முறையும் எளிதுதான். கிலோவுக்குப் பத்து கிராம் உப்பைத் தடவி ஓரிரவு குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். மறுநாள் கனமான சட்டியில் எல்லாப் பக்கமும் பழுப்பாகும்வரை வறுத்தெடுத்து, அதன் பிறகே இஞ்சி, பூண்டு, மிளகு, சோம்புத்தூள் சேருங்கள். மசாலாவைத் தடவிவிட்டு வறுத்தால் கருகிக் கசக்கும். ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றி, இறுக மூடி, 150 டிகிரியில் மூன்றரை முதல் நான்கு மணி நேரம் விடுங்கள். மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரத்திலும் (ஸ்லோ குக்கர்) கறி மிருதுவாகும். ஆனால் ஈரச்சூட்டில் மேற்புறம் சிவக்காது, அதற்கும் முன்வறுவல் கட்டாயம்.

என் தேர்வு தோள்கறி. விருந்து வைப்பவருக்கு இதில் இன்னொரு நிம்மதியும் உண்டு. முந்தைய நாளே சமைத்து, சீக்கிரம் ஆறவைத்துக் குளிரூட்டிவிடலாம். மறுநாள் மேலே உறைந்த கொழுப்பை வழித்துவிட்டு, குளிர்ந்திருக்கும்போதே நாருக்குக் குறுக்கே வெட்டி, அதன் சாற்றிலேயே ஆவி பறக்கச் சூடாக்கினால் ருசி கூடியிருக்கும். தொடைக்கறியை மறுபடி சூடாக்கினால் இளஞ்சிவப்பும் போய்விடும், மிருதுத்தன்மையும் போய்விடும். விருந்தினர் வரும் நேரத்தில் ஓவன் முன்னால் காவல் நிற்க வேண்டியதுதான்.

வெந்தால் எடை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். எனவே பன்னிரண்டு பேருக்கு மூன்று கிலோ வாங்குங்கள். கேலாங் சிராய் சந்தையில் வாங்கும்போது, எலும்பில்லாமல் ஒன்றரைக் கிலோத் துண்டுகள் இரண்டு வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் குழம்புக்கென்று எண்ணிச் சிறிதாக வெட்டிவிடக்கூடும்.