எபிக்டெட்டஸின் கையேடு: எப்படிப் படித்தால் பயன்படும்?

அடிமையாக வாழ்ந்து விடுதலை பெற்ற பண்டைய கிரேக்கத் தத்துவஞானி எபிக்டெட்டஸின் பாடங்களை மாணவர் அர்ரியன் சுருக்கித் தொகுத்த சிறுநூல் ‘என்கெய்ரிடியன்’, அதாவது கையேடு. பதிப்பைப் பொறுத்து 52 அல்லது 53 பகுதிகள். ஒரே மாலையில் முடித்துவிடலாம். பலர் செய்யும் தவறும் அதுதான். நாளுக்கு ஒன்று போதும்.

4-ஆம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். பொதுக் குளியலறைக்குப் போகுமுன், அங்கே தண்ணீர் தெறிக்கும், இடிப்பார்கள், திட்டுவார்கள், திருடுவார்கள் என்று நினைத்துக்கொள்ளச் சொல்கிறார். குளிப்பதோடு மனம் கெடாமல் திரும்புவதும் நோக்கம். காலை நேரப் பேருந்துக்கு இது அப்படியே பொருந்தும். ஏறுமுன் அரை நிமிடம், நடக்கக்கூடிய இரண்டு மூன்றை மனத்தில் ஓட்டுங்கள். பத்தாக நீட்டினால் பயிற்சி கவலையாகத் திரிந்துவிடும்.

3-ஆம் பகுதிதான் கடினம். பிடித்த ஜாடி உடையக்கூடியது என்றவர், பிள்ளையை முத்தமிடும்போதும் அதே நினைப்பு வேண்டும் என்கிறார். அன்பைக் குறைக்கச் சொல்கிறார் என்று படித்தால் நூலே கசந்துவிடும். ஜாடியில் தொடங்குங்கள்: கண்ணாடி டம்ளர், கைபேசித் திரை. உறவுகளுக்கு அவசரமில்லை.

ஆங்கிலத்தில் எலிசபெத் கார்ட்டரின் 1758 மொழிபெயர்ப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நடை பழையது, ஆனால் தெளிவானது.