சீல் தலையில் சென்சார்: மீயாப் தரவுகளோடு ஒரு வருஷம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது காசு கொடுத்து வாங்கிய பொருள் இல்லை. சீல்களின், அதாவது கடல்நாய்களின், தலையில் ஒட்டிய கருவிகள் அனுப்பிய கடல் தரவுகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும் தளம்தான் மீயாப், பல நாட்டு ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து 2015இல் திறந்தது. அண்டார்க்டிகா ஓரக் கடலைப் பற்றிய என் ஆய்வேட்டுக்காக ஒரு வருஷமாக இதோடு மல்லுக்கட்டுகிறேன், இலவசம் என்பதற்காகக் குறை சொல்லாமல் விட முடியுமா?

நீரின் வெப்பநிலை, உப்பு, ஆழம் மூன்றையும் அளக்கும் இந்தக் கருவி ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் உருவானது. அரை கிலோ சொச்சம், மேலே ஒரு ஆன்டெனா. யானை சீல் கரையேறிக் கிடக்கும்போது மயக்க மருந்து கொடுத்து, தலைமுடியில் எபாக்சி பசையால் ஒட்டிவிடுகிறார்கள், வருஷாவருஷம் முடி உரியும்போது அதுவும் சேர்ந்து உதிர்ந்துவிடும். அம்மாவிடம் போட்டோ காட்டினேன், "வாயில்லா ஜீவன் தலையில என்னடா கொம்பு?" என்றார். நியாயமான கேள்விதான். பெண் சீலே சில நூறு கிலோ இருக்கும், தென் கடலில் இருக்கும் மக்குவாரி தீவில் வருஷக்கணக்கில் கவனித்தவர்கள் கருவி சுமந்தவற்றின் எடையிலும் ஆயுளிலும் பாதிப்பு தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள்.

இந்தத் தரவுக்கு நான் விழுந்தது குளிர்காலத்துக்காக. கப்பல்கள் கோடையில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். தானே முங்கி அளந்து, மேலே வந்து தரவு அனுப்பும் ஆர்கோ மிதவைகள் கடல் உறைந்துவிட்டால் மேலே வர வழியில்லாமல் மாதக்கணக்கில் பேச்சு மூச்சில்லாமல் கிடக்கும். (மிதவைக்குப் பெயர் ஆர்கோ, சீல் கருவி பேசும் செயற்கைக்கோளுக்குப் பெயர் ஆர்கோஸ், முதல் வாரம் முழுக்க இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தேன்.) சீல் அப்படி இல்லை, மூச்சு விட வேண்டுமே, எப்படியாவது பனியில் ஒரு இடுக்கைக் கண்டுபிடித்துத் தலையை நீட்டும். இந்தியப் பெருங்கடலின் தெற்கே இருக்கும் கெர்கெலென் தீவில் கிளம்பி இரண்டாயிரம் கிலோமீட்டர் தெற்கே போன ஒரு சீலின் கோப்பை வரைந்து பார்த்தேன். மார்ச்சில் மேல்மட்டத்துக்கும் அடிமட்டத்துக்கும் வெப்பநிலை வேறு வேறாக, கோடு வளைந்து நெளிந்து இருந்தது, ஜூலைக்குள் அதே கோடு மைனஸ் 1.8 டிகிரியில் செங்குத்தாக நின்றுவிட்டது. மேலே நீர் உறைய உறைய வெளியே தள்ளப்பட்ட உப்பு கீழே இறங்கி மொத்தத்தையும் கலக்கிவிட்டிருக்கிறது. பாடப்புத்தகத்தில் படித்ததை ஒரு சீல் நேரில் போய்ப் பார்த்து வந்து சொல்கிற மாதிரி இருந்தது. கிழக்கு அண்டார்க்டிகாவின் டார்ன்லி முனை அருகே, அண்டார்க்டிக் அடிநீர் (கடலடிக்கு இறங்கிப் பரவும் குளிர்ந்த கனமான நீர்) உருவாகும் நான்காவது இடத்தை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2013இல் உறுதி செய்ததிலும் இந்த சீல்களுக்குப் பங்கு உண்டு.

சரி, குறைகளுக்கு வருவோம். சீல் மேலே இருப்பது இரண்டு மூன்று நிமிஷம், ஆர்கோஸ் ஒரு செய்தியில் ஏற்றுக்கொள்வது 256 பிட். அதனால் பல நூறு மீட்டர் முங்கி அளந்ததெல்லாம் இருபது புள்ளி அளவுக்குச் சுருங்கித்தான் வந்து சேரும், மெல்லிய அடுக்குகளைத் தேடுகிறவர்களுக்கு இது உதவாது. இடக்குறிப்பு சில சமயம் கிலோமீட்டர் கணக்கில் பிசகும். உப்பு அளவுதான் பெரிய தலைவலி: சென்சாரின் மின்காந்தப் புலத்தில் சீலின் தலையே குறுக்கிடுவதால், கருவியை ஒட்டிய பிறகு அளவு கொஞ்சம் நகர்ந்துவிடும். திருத்திய பிறகும் வெப்பநிலையில் 0.03 டிகிரி, உப்பில் 0.05 வரை பிசகு இருக்கலாம் என்று மீயாப்காரர்களே சொல்கிறார்கள். நிறைய அளவுகளின் சராசரிக்கு இது போதும், ஒற்றை அளவை மட்டும் வைத்து வாதாடினால் மாட்டிக்கொள்வீர்கள்.

நான் மாட்டியது வேறு விதம். கோப்பில் கச்சா அளவும் 'அட்ஜஸ்டட்' என்ற ஒட்டோடு திருத்திய அளவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நான் கச்சாவை எடுத்து, தரக்குறியீட்டையும் பார்க்காமல், கனமான நீர் லேசான நீர் மேல் உட்கார்ந்திருப்பதாக (அப்படி நிலைத்து நிற்காது) ஒரு படம் போட்டு கைடிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஐந்துக்கு நாலு கொடுப்பேன். ஒரு சீலுக்கு ஒரு நெட்சிடிஎஃப் (அறிவியல் தரவுகளுக்கான வடிவம்) கோப்பு, மொத்தத்தையும் இறக்கி லேப்டாப்பைத் திணறடிக்காமல் முதலில் ஒன்றே ஒன்றைத் திறந்து பாருங்கள். வெளியிடும்போது நன்றி சொல்லி ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்கள், கட்டணம் அவ்வளவுதான். நான் அந்த கெர்கெலென் சீலின் எண்ணையும் சேர்த்துப் போட்டிருக்கிறேன், கைடு கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்.