ஆங்கிலச் சொல்லையும் அதன் குடும்பத்தையும் படிக்க எந்த அகராதி?

'ஹார்ட்' என்றால் கடினம், கடுமை என்று தெரிந்தவர்கள் 'ஹார்ட்லி' என்பதைப் பார்த்ததும் 'கடுமையாக' என்றே எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதற்குப் பொருள் 'அரிதாக, அநேகமாக இல்லை' என்பது. ஒருவர் நன்றாக உழைக்கிறார் என்று பாராட்ட நினைத்து 'ஹி ஹார்ட்லி வொர்க்ஸ்' என்று எழுதினால், அவர் வேலையே செய்வதில்லை என்று புகார் சொன்னதாகிவிடும். அதனால் மூலச்சொல்லுக்குப் பொருள் சொல்வதோடு நிற்காமல், அதிலிருந்து கிளைத்த வடிவங்களை எவ்வளவு தெளிவாக விளக்குகிறது என்பதை வைத்துத்தான் நான் அகராதியை எடைபோடுவேன்.

முதலில் நம்முடையது. அ. சிதம்பரநாதன் செட்டியார் தலைமையில் சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் கொண்டுவந்த ஆங்கிலம்-தமிழ் அகராதி அருமையான உழைப்பு. செடி கொடி, சட்டம், கைத்தொழில் என்று எதைத் தேடினாலும் நல்ல தமிழ்ச்சொல் கிடைக்கும், மொழிபெயர்ப்பவர்கள் அதை விட்டுவிடவே கூடாது. ஆனால் அது தமிழ்ச்சொற்களை வரிசையாக அடுக்கும், எடுத்துக்காட்டு வாக்கியம் தராது. 'எகனாமிக்' பொருளாதாரம் சார்ந்தது, 'எகனாமிகல்' சிக்கனமானது. சரி, எதை எந்த வாக்கியத்தில் போடுவது என்பதற்கு அங்கே வழி இல்லை.

ஆங்கிலச் சொல்லுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் சொல்லும் லாங்மேன் அகராதி 1978-இல் வந்தது. விளக்கங்கள் எல்லாவற்றையும் சுமார் 2000 எளிய சொற்களுக்குள் அடக்கியதுதான் அதன் பெரிய பலம், பொருள் பார்க்கப் போய் விளக்கத்துக்கே இன்னொரு பொருள் தேடும் அவதி குறைவு. அப்புறம், அதன் பிந்திய பதிப்புகளில் பல சொற்களுக்கு மேலே குடும்பப் பட்டியல் இருக்கும். 'கன்சிடர்' என்று தேடினால் கன்சிடரேஷன், கன்சிடரபிள், கன்சிடரேட் எல்லாம் ஒரே இடத்தில் தெரியும். கன்சிடரபிள் என்றால் கணிசமான, கன்சிடரேட் என்றால் அடுத்தவர் மனமறிந்து நடக்கிற. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம்! ஆனால் அந்தப் பட்டியல் சொற்களை மட்டும்தான் காட்டும், பொருளுக்கு ஒவ்வொன்றையும் தனியாகத் திறந்து பார்க்க வேண்டும்.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் குழு உருவாக்கி 1987-இல் வந்த கோபில்ட் என்ற ஆங்கில அகராதி வேறு ரகம். 'ஒருவரை கன்சிடரேட் என்று சொன்னால், அவர் இப்படி நடந்துகொள்கிறவர்' என்கிற பாணியில் முழு வாக்கியமாகவே விளக்கும், சொல்லோடு அதன் புழக்கமும் சேர்ந்து மனதில் பதியும். அவசரத்துக்குப் புரட்டுபவர்களுக்கு அந்த நீளம் சலிப்பு தரலாம், எழுதப் பழகுபவர்களுக்கு அதுவே வரம்.

ஆங்கிலம் கற்பவர்களுக்காக ஹார்ன்பி என்ற ஆங்கில ஆசிரியர் தொடங்கிவைத்த ஆக்ஸ்போர்டு அகராதி வினைச்சொல் அமைப்புகளில், அதாவது ஒரு வினைச்சொல்லை அடுத்து எது வரும் என்று காட்டுவதில், பலமானது. சொற்குடும்பத்துக்கு என்றால் லாங்மேனுக்குப் பிறகுதான் அதை வைப்பேன்.

பிளஸ் டூ, கல்லூரி மாணவர்கள் லாங்மேனில் தொடங்கலாம். கட்டுரை, அலுவலகக் கடிதம் எழுதுபவர்கள் கோபில்டுக்குப் போகலாம். எட்டாவது, ஒன்பதாவது பிள்ளைகளுக்கு ஆங்கில விளக்கமே சுமையாக இருக்கும், அவர்கள் தமிழில் பொருளைப் பார்த்துவிட்டு லாங்மேனில் ஒரே ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம் படித்தால் போதும். லாங்மேன், கோபில்ட் இரண்டையும் இணையத்தில் காசில்லாமல் பார்க்கலாம்.